மின்னாற்பகுப்பைக் கற்பிப்பது எப்படி? ஐந்தாம் படிவ வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் ஐந்தாம் படிவ வேதியியலின் முதல் அத்தியாயமே ஆக்சிஜனேற்ற ஒடுக்கச் சமநிலைதான். அதில் வரும் மின்னாற்பகுப்பை, அதாவது மின்சாரத்தைச் செலுத்திச் சேர்மத்தைப் பிரிப்பதை, பல மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டுதான் அந்தப் படிவத்தின் முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் போகிறார்கள். செம்பு சல்பேட்டுக்கு இந்த விடை, உப்புக் கரைசலுக்கு அந்த விடை என்று அட்டவணை போட்டு உருப்போட்ட பிள்ளை, கேள்வித்தாளில் கரைசலின் செறிவோ மின்முனையின் வகையோ மாறிவிட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. சுங்கை சிப்புட், பாகான் செராய், பஹாவ் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பாடம் நடத்துபவர்களுக்கு இது பழகிய காட்சி. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடரும் நம் பிள்ளைகளுக்கு, புரியாததை மனப்பாடம் செய்து கடந்துவிடும் பழக்கம் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

என் கருத்தில், இந்தப் பாடத்துக்கு அடிப்படையான திறன் ஒன்றே ஒன்றுதான். மின்கலத்தை இணைப்பதற்கு முன்பே, பாத்திரத்துக்குள் என்னென்ன அயனிகள் (மின்னூட்டமுள்ள துகள்கள்) இருக்கின்றன என்று ஒன்றுவிடாமல் சொல்லத் தெரிய வேண்டும். மற்றவை எல்லாம் அதிலிருந்து வரிசையாகப் பிறக்கின்றன. பின்வரும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இவற்றைப் பின்பற்றலாம். கோயில் மண்டபத்திலோ வீட்டு முன்கூடத்திலோ நடக்கும் மாலை வகுப்பிலும் சிறிய மாற்றங்களோடு பின்பற்றலாம்.

படி 1: பழைய பாடத்தைச் சோதித்துப் பார்த்தல்

மின்னாற்பகுப்பைத் தொடங்கும் நாளில் மின்னாற்பகுப்பைப் பற்றிப் பேச வேண்டாம். நான்காம் படிவத்தில் படித்த வேதிப் பிணைப்பும், அமிலம், காரம், உப்பு பற்றிய பாடமும் மாணவர் மனத்தில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அதற்கு மூன்று கேள்விகள் போதும். சோடியம் குளோரைடு திண்மமாக இருக்கும்போது அதன் அயனிகள் எப்படி இருக்கின்றன? நீரில் கரைந்த பிறகு எப்படி இருக்கின்றன? சர்க்கரை கரையும்போது ஏன் அயனிகள் உருவாவதில்லை?

முதல் கேள்விக்கு “திண்மத்தில் அயனி கிடையாது” என்று பதில் வந்தால் அங்கேயே நின்று திருத்த வேண்டும். திண்மத்திலும் அயனிகள் இருக்கின்றன. வலுவான மின்கவர்ச்சி விசையால் அவை தத்தம் இடத்தில் கட்டுண்டு கிடப்பதால் நகர முடிவதில்லை. உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ அவை கட்டவிழ்ந்து நகர்கின்றன. தேர்வில் மதிப்பெண் கிடைப்பதும் இழப்பதும் “நகரக்கூடிய அயனிகள்” என்ற இந்தச் சொற்களில்தான். அயனியின் மின்னூட்டத்தைப் பிழையின்றிச் சொல்ல முடியாத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் அந்தப் பயிற்சிக்கே கொடுங்கள். அந்த நேரம் வீணாகாது.

படி 2: எது மின்னைக் கடத்துகிறது என்று கண்ணால் காணுதல்

9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, 470 ஓம் மின்தடை ஒன்று, முதலைக் கவ்வியுள்ள கம்பிகள் சில, இரு முனைகளும் சீவிய 2பி பென்சில்கள் இரண்டு ஆகியவை இருந்தால் சோதனைக் கருவி தயார். பென்சிலின் உள்ளே இருப்பது களிமண் கலந்த கிராஃபைட் என்பதால் அது கார்பன் மின்முனையாகப் பயன்படும். தீர்ந்துபோன துத்தநாக-கார்பன் பேட்டரியின் நடுவில் உள்ள கரித்தண்டு இன்னும் உறுதியானது. ஆனால் பேட்டரியைப் பிரிக்கும் வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும். அல்கலைன் வகைப் பேட்டரியை யாரும் எக்காரணத்துக்காகவும் உடைக்கக் கூடாது, அதற்குள் அரிக்கும் காரம் இருக்கிறது.

காய்ந்த உப்பு, உப்புக் கரைசல், சர்க்கரைக் கரைசல், வாலைவடிநீர், சமையல் காடி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், பாலை உறையவைக்க ஊற்றும் பார்மிக் அமிலத்தை அவர்களே நினைவுபடுத்துவார்கள். அதுவும் காடியைப் போலவே வலுக்குறைந்த அமிலம்தான். அதன் மூலக்கூறுகளில் சிறு பங்கு மட்டுமே அயனிகளாகப் பிரிகிறது. எனினும் கடையில் கிடைக்கும் அடர்ந்த பார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும் என்பதால், அதைப் பேச்சோடு நிறுத்திக்கொண்டு காடியையே பயன்படுத்துங்கள்.

எல்.இ.டி. விளக்குக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். ஆகவே அயனிகள் நிறைய உள்ள வலிய மின்பகுளிக்கும் குறைவாக உள்ள மெலிய மின்பகுளிக்கும் இடையிலான வேறுபாடு அதில் தெளிவாகத் தெரியாது. அதைக் காட்ட விரும்பினால் மோட்டார் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டரை இரவல் வாங்கி மின்னோட்டத்தை அளந்து காட்டுங்கள்.

இந்தப் படியின் முடிவில் ஒரு செய்தி மாணவர் மனத்தில் பதிய வேண்டும். கம்பியில் ஓடுவது எலெக்ட்ரான். கரைசலில் நகர்வது அயனி. எலெக்ட்ரான் கரைசலுக்குள் நீந்திக் கடப்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட மாணவரால் பின்னால், ஒரு மின்முனையின் வினையை மட்டும் காட்டும் எந்த அரைச் சமன்பாட்டையும் பொருள் உணர்ந்து எழுத முடியாது.

படி 3: உருகிய சேர்மத்திலிருந்து தொடங்குதல்

உருகிய சேர்மத்தில் இரண்டே வகை அயனிகள் இருப்பதால் போட்டி கிடையாது. நேரயனி பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த கேத்தோடுக்குப் போகிறது, எதிரயனி நேர்முனையோடு இணைந்த அனோடுக்குப் போகிறது. ஏறத்தாழ 370 பாகை செல்சியசில் உருகும் ஈய புரோமைடு இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. கேத்தோடில் ஈய அயனி ஒவ்வொன்றும் 2 எலெக்ட்ரான்களைப் பெற்று ஈய அணுவாகிறது. பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் உலோகத் துளி தெரியும். அனோடில் 2 புரோமைடு அயனிகள் 2 எலெக்ட்ரான்களை இழந்து 1 புரோமின் மூலக்கூறாகின்றன. பழுப்பு நிற ஆவி எழும். ஈயச் சேர்மமும் புரோமின் ஆவியும் நச்சு என்பதால், புகைபோக்கி அலமாரி உள்ள ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மட்டுமே இதைச் செய்து காட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் காணொளி போதும். மாலை வகுப்பில் இதைச் செய்யவே கூடாது.

அனோட், கேத்தோட் இரண்டுக்கும் இலக்கணத்தை இங்கேயே பதித்துவிடுங்கள். ஆக்சிஜனேற்றம் (எலெக்ட்ரானை இழத்தல்) நடக்கும் முனை அனோட். ஒடுக்கம் (எலெக்ட்ரானைப் பெறுதல்) நடக்கும் முனை கேத்தோட். “நேர்முனைதான் அனோட்” என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், அதே அத்தியாயத்தில் வரும், வேதிவினையால் மின்சாரம் தரும் வோல்டா மின்கலத்தில் எதிர்முனை அனோடாக நிற்கும்போது மாணவர் கற்றது எல்லாம் கவிழ்ந்துவிடும். நடக்கும் வினையைக் கொண்டு அடையாளம் கண்டால் இரண்டு கலங்களிலும் அது மாறாது.

படி 4: நீரையும் கணக்கில் சேர்த்தல்

பெரும்பாலோர் சறுக்கி விழுவது இந்தப் படியில்தான். ஆகவே இங்கே அவசரப்படாமல் நிற்க வேண்டும். உப்புக் கரைசலை மின்னாற்பகுத்தால் கேத்தோடில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். “சோடியம்தானே சார்?” என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். அந்த விடையைச் சட்டென்று தள்ளிவிடாமல், சோடியத்தை நீரில் போட்டால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள். நான்காம் படிவத்தில் கார உலோகங்களைப் படித்தவர்களுக்கு அது நீரோடு சீறிப் பாய்ந்து வினைபுரிவது நினைவிருக்கும். அப்படியானால் நீருக்குள் அது எப்படிப் படிந்து நிற்கும்?

இங்கே வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தெம்பு வரும். 1800-இல் வோல்டாவின் மின்னடுக்கு என்ற முதல் பேட்டரி அறிமுகமான அதே ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் அதைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். பின்னர் ஹம்ப்ரி டேவி பொட்டாசியச் சேர்மத்தின் நீர்க்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தபோது அவருக்கும் கிடைத்தவை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். நீரை விலக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடை உருக்கி மின்சாரம் செலுத்திய பிறகே, 1807-ஆம் ஆண்டு அக்டோபரில் அவரால் பொட்டாசியத்தைப் பிரித்தெடுக்க முடிந்தது. சில நாட்களில் சோடியமும் கிடைத்தது. நம் மாணவர் எதிர்பார்த்ததையே டேவியும் முதலில் தேடினார் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

அதன் பிறகு வெண்பலகையில் ஒரு பாத்திரத்தை வரைந்து, அதற்குள் நான்கு அயனிகளையும் எழுதச் சொல்லுங்கள்: உப்பிலிருந்து வரும் சோடியம் அயனி, குளோரைடு அயனி, நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு அயனி. எந்த நீர்க்கரைசலைக் கொடுத்தாலும் மாணவரின் பேனா முதலில் இந்தப் பட்டியலைத்தான் எழுத வேண்டும். செம்பு சல்பேட், வெள்ளி நைட்ரேட், மெக்னீசியம் குளோரைடு, நீர்த்த கந்தக அமிலம் என்று கரைசலை மாற்றி மாற்றிக் கொடுத்து, பட்டியலை மட்டும் எழுத வைத்து ஒரு வகுப்பை முடித்தாலும் நல்லது. கந்தக அமிலத்தில் மூன்று வகை அயனிகள்தான் இருக்கும் என்பதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தில் தெளிவு வருவதைப் பார்ப்பீர்கள்.

நீர் உண்மையிலேயே பிரிகிறது என்பதைக் காட்ட, வேலியோரம் படர்ந்து கிடக்கும் சங்குப்பூ போதும். ஒரு கைப்பிடி நீலச் சங்குப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்து, ஆறியதும் வடிகட்டுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி சோடியம் சல்பேட்டைக் கரையுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் நீலச் சாற்றை ஊற்றி, இரண்டு பென்சில்களின் முனைகளைத் தட்டின் எதிரெதிர் ஓரங்களில் நனையும்படி வைத்து, 9 வோல்ட் பேட்டரியை இணையுங்கள். இரண்டு முனைகளிலும் குமிழிகள் எழும். கேத்தோடில் அதிகமாக இருக்கும். சிறிது நேரத்தில் கேத்தோடைச் சுற்றி நீலம் மெல்லப் பச்சையாகும். அனோடைச் சுற்றி ஊதாவாகிப் பின் இளஞ்சிவப்பு ஏறும். சங்குப்பூவின் நிறமி காரத்தில் பச்சையும் அமிலத்தில் சிவப்பும் காட்டும் என்பதால், கேத்தோடில் ஹைட்ரஜன் அயனிகள் நீங்கி ஹைட்ராக்சைடு மிஞ்சியதும், அனோடில் ஹைட்ராக்சைடு நீங்கி ஹைட்ரஜன் அயனி மிஞ்சியதும் நிறமாகவே கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன.

இனிப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தட்டை மெதுவாக அசைத்துச் சாற்றைக் கலக்கச் சொல்லுங்கள். பச்சையும் சிவப்பும் கலந்து ஏறத்தாழ பழைய நீலமே திரும்பி வரும். இரண்டு முனைகளிலும் மிஞ்சிய ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சம அளவில் இருந்து ஒன்றையொன்று நடுநிலையாக்கின என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. சோடியம் அயனியும் சல்பேட் அயனியும் வந்தபடியே இருக்கின்றன. குறைந்தது நீர் மட்டுமே. சோடியம் சல்பேட் கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் பேதியுப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், போதும். ஆனால் கேத்தோடருகே மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்மையாகக் கலங்கக்கூடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து அதே சோதனையைச் செறிந்த சமையலுப்புக் கரைசலில் செய்யுங்கள். கேத்தோடில் அதே பச்சை தோன்றும். அனோடருகே மட்டும் நிறம் வெளுத்துப்போகும். அது குளோரினின் வேலை. அனோடில் ஏன் இம்முறை வேறு ஒன்று வந்தது என்ற கேள்வியை மாணவரே கேட்பார். அடுத்த படிக்கு வாசல் அதுதான். குளோரின் மூச்சை எரிக்கும் வாயு. ஆகவே சன்னலைத் திறந்து வைத்து, சிறிதளவு கரைசலில், குறைந்த நேரத்துக்கு மட்டும் செய்ய வேண்டும்.

படி 5: எந்த அயனி மின்னிறக்கம் பெறும்?

மின்முனையில் எலெக்ட்ரானைப் பெற்றோ இழந்தோ அயனி தன் மின்னூட்டத்தை விடுவதே மின்னிறக்கம். அதைக் கண்டறிய மூன்று காரணிகளை இந்த வரிசையில் கேட்கப் பழக்குங்கள். அனோட் செயலற்றதா, வினையில் பங்குகொள்ளும் உலோகமா? கரைசலில் ஹாலைடு அயனி (குளோரைடு, புரோமைடு, அயோடைடு) செறிவாக இருக்கிறதா? இவை இரண்டும் இல்லையென்றால் எலெக்ட்ரானைப் பெறும் நாட்டத்தைக் காட்டும் நியம மின்முனை அழுத்த மதிப்புகள் என்ன சொல்கின்றன? பாடநூல்கள் மின்முனை அழுத்தத்தை முதலில் வைத்தாலும், விடை காணும்போது இந்த வரிசைதான் பிழையைக் குறைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மின்முனை அழுத்த விதி எளிது. கேத்தோடில், அதிக நேர்மதிப்புள்ள நேரயனி எலெக்ட்ரானை எளிதில் பெறும். செம்பு அயனிக்கு +0.34 வோல்ட், ஹைட்ரஜன் அயனிக்கு 0.00, சோடியம் அயனிக்கு −2.71. ஆகவே செம்பு சல்பேட்டில் செம்பு படியும். உப்புக் கரைசலில் ஹைட்ரஜன் வெளிவரும். அனோடில், குறைந்த நேர்மதிப்புடைய இணையிலுள்ள எதிரயனி எலெக்ட்ரானை எளிதில் இழக்கும். ஹைட்ராக்சைடுக்கு +0.40, அயோடைடுக்கு +0.54, புரோமைடுக்கு +1.07, குளோரைடுக்கு +1.36, சல்பேட்டுக்கு +2.01. ஆகவே நீர்த்த கரைசல்களில் ஹைட்ராக்சைடே முந்துகிறது: 4 ஹைட்ராக்சைடு அயனிகள் 4 எலெக்ட்ரான்களை இழந்து, 1 ஆக்சிஜன் மூலக்கூறையும் 2 நீர் மூலக்கூறுகளையும் தருகின்றன.

செறிவின் விளைவைக் காட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் இரண்டு கரைசல்கள் சிறந்தவை: லிட்டருக்கு 1 மோல் உள்ளது ஒன்று, லிட்டருக்கு 0.0001 மோல் உள்ளது மற்றொன்று. செறிந்ததில் அனோடில் குளோரின், நீர்த்ததில் ஆக்சிஜன். இரண்டாவது கரைசல் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால் வாயு சேர நெடுநேரம் ஆகும். வகுப்பு தொடங்கியதுமே இணைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மணி அடிக்கும்போது சோதனைக்குழாய் வெறுமையாகவே இருக்கும்.

கூர்மையான மாணவர் ஒருவர், “குளோரைடின் மதிப்பு இவ்வளவு தள்ளி இருக்கும்போது செறிவு மட்டும் எப்படி அதை மாற்றும்?” என்று கேட்கக்கூடும். அவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. +0.40 என்பது லிட்டருக்கு 1 மோல் ஹைட்ராக்சைடு இருக்கும் காரக் கரைசலுக்குரிய மதிப்பு. லிட்டருக்கு 1 மோல் அமிலத்தில் ஹைட்ராக்சைடு மிகமிகக் குறைவு என்பதால் ஆக்சிஜனுக்குரிய மதிப்பு +1.23 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது, குளோரினுக்குரிய +1.36-க்கும் அதற்கும் இடையே 0.13 வோல்ட்தான் வேறுபாடு. கார்பன் முனையில் ஆக்சிஜன் உருவாவது மந்தமான வினையாதலால் அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிக் குளோரின் முந்திவிடுகிறது. 0.0001 மோல் கரைசலிலோ ஆக்சிஜனின் மதிப்பு ஏறத்தாழ +0.99, குளோரினின் மதிப்பு ஏறத்தாழ +1.60, இடைவெளி 0.6 வோல்ட் ஆகிவிடுவதால் ஆக்சிஜனே வெளிவருகிறது. இது எஸ்.பி.எம். பாடத்துக்கு வெளியே உள்ளது. ஆனால் கேட்ட பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது.

செறிவு விதி பள்ளி அளவில் ஹாலைடு அயனிகளுக்கு மட்டுமே உரியது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். செறிந்த சோடியம் சல்பேட் என்று கேள்வியில் கண்டதும் சல்பேட் அயனிக்கு மின்னிறக்கம் கொடுத்துவிடும் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். சல்பேட்டும் நைட்ரேட்டும் எவ்வளவு செறிவாக இருந்தாலும் ஹைட்ராக்சைடுக்கு வழிவிட்டு நிற்கும்.

மின்முனையின் விளைவுக்குச் செம்பு சல்பேட்டைவிட நல்ல பாடம் இல்லை. ஒரே கரைசலை இரண்டு பீக்கர்களில் ஊற்றி, ஒன்றில் கார்பன் முனைகளையும் மற்றொன்றில் செம்புத் தகடுகளையும் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். இரண்டிலும் கேத்தோடில் பழுப்புநிறச் செம்பு படியும். கார்பன் அனோடில் குமிழிகள் எழும், நீலம் மெல்ல வெளிறும். செம்பு போய், எஞ்சிய ஹைட்ரஜன் அயனியும் சல்பேட்டும் சேர்ந்து கரைசல் கந்தக அமிலமாக மாறிக்கொண்டிருக்கும். செம்பு அனோடில் குமிழியே இராது. தகடுதான் மெலியும்: செம்பு அணு ஒவ்வொன்றும் 2 எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைசலுக்குள் இறங்குகிறது. அங்கே இறங்கும் அளவே இங்கே படிவதால் நீல நிறம் மாறுவதில்லை. மின்னோட்டத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்; அதிகமானால் செம்பு கருமையான பொடியாக உதிர்ந்து, மாணவர் தவறான அவதானிப்பை எழுதிவிடுவார். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை அனோடாக எக்காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மையுள்ள சேர்மமாகக் கரைசலில் இறங்கக்கூடும்.

படி 6: கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதுதல்

“ஹைட்ரஜன் வெளியானது” என்பது அவதானிப்பு ஆகாது. யாரும் ஹைட்ரஜனைக் கண்ணால் பார்த்ததில்லை. “நிறமற்ற வாயுக்குமிழிகள் எழுந்தன, எரியும் குச்சியைக் காட்டியபோது ‘பொப்’ என்ற ஒலி கேட்டது” என்பதே அவதானிப்பு. அதிலிருந்து ஹைட்ரஜன் என்று ஊகிப்பது அடுத்த வேலை. தணலாக இருக்கும் குச்சி மீண்டும் பற்றி எரிந்தால் ஆக்சிஜன். ஈரமான நீல லிட்மஸ் சிவந்து பின் வெளுத்தால் குளோரின். தேர்வில் மலாயில் பெமெர்ஹாத்தியான் (அவதானிப்பு), இன்ஃபெரன்ஸ் (ஊகம்) என இரண்டு கட்டங்கள் தனித்தனியே வருவதால், தமிழில் விளக்கினாலும் பயிற்சி ஏட்டில் தேர்வு மொழியிலேயே எழுத வையுங்கள். ஆங்கிலத்தில் படிக்கும் பள்ளிகளின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

கேத்தோடில் சேரும் ஹைட்ரஜன் அனோடில் சேரும் ஆக்சிஜனைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும். ஆனால் கார்பன் முனைகளில் ஆக்சிஜன் சற்றுக் குறைந்தே காணப்படும். அதில் ஒரு பகுதி கார்பனோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாகிறது. சிறிது நீரிலும் கரைகிறது. அளவு ஒத்துவராவிட்டால் மாணவர்கள் எண்ணை மாற்றி எழுதிவிடுவது வழக்கம். அதை அனுமதிக்கக் கூடாது. கண்ட எண்ணை எழுதிவிட்டுக் காரணத்தைச் சொல்லப் பழக்குங்கள்.

படி 7: பயன்பாடுகள்

முலாம் பூசுதலைத் தொடங்க நம் வீட்டுப் பெண்கள் அணியும் கவரிங் நகைகளே போதும். பூச வேண்டிய பொருள் கேத்தோட், பூசும் உலோகம் அனோட், அந்த உலோகத்தின் உப்புக் கரைசல் மின்பகுளி. வகுப்பில் இரும்புச் சாவிக்குச் செம்பு பூசிக் காட்டும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பு சல்பேட்டில் இரும்பை நனைத்த உடனேயே, மின்சாரமே இல்லாமல், இடப்பெயர்ச்சி வினையால் செம்பு படிந்துவிடும். அது தேய்த்தால் உதிரும். மின்னாற்பகுப்பின் வேலையை அது மறைத்துவிடும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை நன்கு தேய்த்துக் கழுவிக் கேத்தோடாக வைப்பது நல்லது. கேத்தோடாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை.

செம்பைத் தூய்மையாக்குதல் முன்பு பார்த்த செம்பு அனோட் சோதனையேதான். தூய்மையற்ற கட்டி அனோட். தூய தகடு கேத்தோட். துத்தநாகமும் இரும்பும் கரைசலில் இறங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. வெள்ளியும் தங்கமும் கரையாமல் அனோடின் அடியில் கசடாகச் சேர்கின்றன.

அலுமினியத்துக்கு மலேசியாவிலேயே சான்று இருக்கிறது. சரவாக்கின் சமலாஜுவிலும் முக்காவிலும் அலுமினிய உருக்காலைகள் அமைந்தன. சமலாஜுவில் அமைந்ததன் முக்கியக் காரணம் நீர்மின்சாரம். அலுமினிய ஆக்சைடு 2000 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால், அதை உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் கரைத்து ஏறத்தாழ 950 பாகையில் மின்னாற்பகுக்கிறார்கள். 1886-இல் ஹாலும் ஹெரூலும் தனித்தனியே கண்டுபிடித்த முறை இது. அப்படியிருந்தும் ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது. வீட்டு மின் கட்டணச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மாத மின்சாரத்தில் எத்தனை கிலோ அலுமினியம் கிடைக்கும் என்று கணக்கிட வைத்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பழைய டின்னை உருக்கி மீண்டும் பயன்படுத்த இதில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஆற்றலே போதும் என்பதையும் அதே கணக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். சூடான ஆக்சிஜன் கார்பன் அனோடை எரித்துக் கார்பன் டைஆக்சைடாக்குவதால் அனோடை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது. இது தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் ஆகிய மேற்படிப்புகளுக்குச் செல்ல விரும்புபவர்களுக்கு, ஓடிய மின்சாரத்திலிருந்து படியும் உலோகத்தின் எடையைக் காணும் ஃபாரடேயின் கணக்கு ஒன்றைக் காட்டிவிடுங்கள். 0.2 ஆம்பியர் மின்னோட்டம் 30 நிமிடம் ஓடினால் 360 கூலோம். ஒரு மோல் எலெக்ட்ரானுக்கு 96,500 கூலோம் என்பதால் இது ஏறத்தாழ 0.0037 மோல் எலெக்ட்ரான். ஒரு செம்பு அணுவுக்கு 2 எலெக்ட்ரான் வேண்டும்; ஆகவே படியும் செம்பு ஏறத்தாழ 0.12 கிராம். தகட்டைச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடைபோட்டு ஒப்பிடலாம்.

கழிவை என்ன செய்வது?

செம்பு சல்பேட் மீன்களுக்கும் நீர்ப்பாசிகளுக்கும் நச்சு. பட்டணத்துக் கால்வாயில் ஊற்றுவது ஆற்றில்தான் போய்ச் சேரும். செம்பு முனைகளோடு பயன்படுத்திய கரைசலின் செறிவு மாறாது. அதை வடிகட்டி, பெயரும் எச்சரிக்கையும் எழுதிய புட்டியில் ஊற்றி, அடுத்த வகுப்புக்குப் பயன்படுத்துங்கள். கார்பன் முனைகளோடு பயன்படுத்தியதைத் தனிப் புட்டியில் சேர்த்துப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் கழிவோடு ஒப்படைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக எந்தச் சோதனைக்கும் பயன்படுத்தக் கூடாது; ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரே மூடிய பாத்திரத்தில் சேரவிடவும் கூடாது.

படி 8: தெரியாத கேள்வியைக் கொடுத்தல்

வகுப்பில் ஒருமுறையும் பேசாத கரைசல் ஒன்றைக் கொடுங்கள். கார்பன் முனைகளோடு செறிந்த பொட்டாசியம் அயோடைடு நல்ல தேர்வு. மாணவர் எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லட்டும்: இருக்கும் அயனிகள் இவை, இந்த முனைக்கு இவை போகின்றன, இது மின்னிறக்கம் பெறுகிறது, காரணம் இது, கண்ணுக்குத் தெரிவது இது, பாத்திரத்தில் மிஞ்சுவது இது. கேத்தோடில் ஹைட்ரஜன், அனோடில் பழுப்பு நிறத்தில் பரவும் அயோடின், மிஞ்சுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று அவர் வந்து சேர வேண்டும்.

எங்கே தடுமாறுகிறார் என்பதே எந்தப் படிக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டிவிடும். கேத்தோடில் பொட்டாசியம் என்றால் நான்காம் படி போதவில்லை. அவருக்கு மீண்டும் பட்டியல் பயிற்சி கொடுங்கள். அனோடில் ஆக்சிஜன் என்றால் “செறிந்த” என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. ஐந்தாம் படியின் மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரானை எந்தப் பக்கம் எழுதுவது என்று தயங்கினால் மூன்றாம் படிக்குப் போய் அனோடும் கேத்தோடும் என்ன செய்கின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள். “அயோடின் உருவானது” என்று அவதானிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தால் வேதியியலில் குறை இல்லை. ஆறாம் படியை மட்டும், வேறு இரண்டு கரைசல்களோடு, இன்னொரு மாலையில் செய்ய வைத்தால் போதும்.